கூடத்து ஃபேனும் கொல்லை மோட்டாரும் அப்பாவின் காது மெஷினும்

காது மெஷின் வாங்கி வந்த மூன்றாம் நாளே அப்பா அதைக் கழற்றி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டார். காது வலிக்கிறதா என்று சைகையில் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு விரலை மேலே நீட்டினார். கூடத்து ஃபேன். அப்புறம் சமையல்கட்டுப் பக்கம் நீட்டினார். ஃப்ரிட்ஜ்.

"நீங்க பேசுறதுக்கு முன்னாடி இதுங்கதான் பேசுது பாப்பா. தலைய வலிக்குது."

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். 1970இல் சேர்ந்து 36 வருஷம். பாதி வருஷங்கள் ரிவெட் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வேலை. அந்தக் காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் அதுவே பெரிய பாதுகாப்பு. அப்படிக் கெட்டுப்போன காதில் முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கூர்மையான ஒலிகள். பேச்சில் ச, த, ட எல்லாம் பிரிந்து தெரிவது அங்கேதான். அடித்தொண்டைச் சத்தம் மாதிரியான தாழ்ந்த ஒலிகள் அப்பாவுக்கு இன்னும் நன்றாகவே கேட்கும். மோட்டாரின் உர்ர் இந்த ரகம்தான். அது ஓடிக்கொண்டே இருந்தால் பேச்சின் மெல்லிய பகுதியை மூடிவிடுகிறது. மெஷின் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கும்போது தொல்லையையும் சேர்த்தே தூக்குகிறது. காது டாக்டரிடம் மறுபடி போய் மெஷினின் அளவைக் கொஞ்சம் மாற்றி வந்தோம். அதற்குமேல் வீட்டில்தான் வேலை இருக்கிறது என்று தோன்றியது.

வீடு உறையூரில். தாத்தா கட்டியது, 85 வயதுக்கு மேல் ஆகிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும். கூடத்துக்கு மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், கட்டைகளுக்கு மேல் செங்கலைக் குத்துவாட்டில் சுண்ணாம்புக் காரையோடு அடுக்கியது. தரை சிவப்பு ஆக்சைடு. திரைச்சீலையோ மெத்தை நாற்காலியோ அதிகம் கிடையாது. எங்கே ஒரு சத்தம் எழுந்தாலும் அது வீடு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். நான் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அதிர்வெண், ஒத்ததிர்வு என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு ஃபேனைப் பிரித்தது இந்த மே மாத விடுமுறையில்தான் முதல்முறை.

முதல் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு, இரவு பத்து மணிக்குத் தெரு அடங்கிய பிறகு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றொன்றாகப் போட்டுக் கேட்டேன். அப்பா மெஷினோடு ஈஸி சேரில் உட்கார்ந்து சொன்னதையும் குறித்துக்கொண்டேன். அந்த வரிசையில் கூடத்து ஃபேனுக்கு முதலிடம், கொல்லை மோட்டாருக்கு இரண்டாமிடம், ஃப்ரிட்ஜுக்கு மூன்றாமிடம். எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்த மிக்ஸி அப்பா பட்டியலிலேயே வரவில்லை. "அது ரெண்டு நிமிஷம் கத்திட்டு நின்னுடுது" என்றார். நாள் முழுக்க ஓடுவதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது.

சத்தம் கேட்டதும் ஸ்குரூ டிரைவரை எடுக்காமல் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். ஃபேனையோ மோட்டாரையோ முழு வேகத்தில் ஓடவிட்டு ஸ்விட்சை அணையுங்கள். அணைத்த நொடியே சத்தம் நின்று, இறக்கை மட்டும் அமைதியாகச் சுற்றினால், அது கரண்டால் வருகிற சத்தம்: ரெகுலேட்டர், கண்டன்சர், காயில் என்று தேடணும். அணைத்த பிறகும் சத்தம் தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அதுவும் மெதுவானால், இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம்: பேரிங், போல்ட், இறக்கை, கொக்கி. கரண்ட் சத்தத்துக்குச் சுருதி மாறாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், காந்த இழுப்பு ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை, அதனால் அது எப்போதும் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உறுமும். போனில் இலவசமாகக் கிடைக்கும் ஒலி அலை ஆப்பிலேயே அந்த 100இல் ஒரு முள் நிற்பது தெரியும்.

கூடத்து ஃபேனில் அணைத்த பிறகும் இரண்டு சத்தம் தொடர்ந்தது. ஒன்று கரகரவென்று மணல் அரைபடுகிற மாதிரி. இன்னொன்று கட்... கட்... என்று தட்டுகிற மாதிரி. ஃபேனுக்கு என் வயசு இருக்கும். கனமான இரும்பு உடம்பு. எனக்குத் தெரிந்து ஒரு தடவைகூடக் கீழே இறக்கியதில்லை.

கரகரப்பு பேரிங் என்பதில் சந்தேகமில்லை, ஆகவே கட் கட் சத்தமும் பேரிங்தான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அந்த அவசரத்தால் ஒரு வாரம் வீணானது. ஆனால் பேரிங் வேலை எப்படியும் செய்திருக்க வேண்டியதே. செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மெயினை இறக்கி டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, முதலில் இறக்கைகளுக்கும் அவை உட்காரும் இடத்துக்கும் 1, 2, 3 என்று மார்க்கரால் எண் போட்டேன். இடம் மாற்றி மாட்டினால் பழைய சமநிலை போய்விடும். இறக்கைகளைக் கழற்றிய பிறகு உடம்பை இறக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் ஏணியில் நின்று போல்ட்டைக் கழற்ற, மற்றவர் மேஜைமேல் நின்று தாங்க. என் மகன் தாங்கினான். கண்டன்சரின் இரண்டு ஒயரையும் கைப்பிடி மூடிய ஸ்குரூ டிரைவரால் ஒருதடவை சேர்த்துத் தொட்டுவிட்டுத்தான் கையை வைத்தேன். எந்த ஒயர் எங்கே போனது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

சீலிங் ஃபேனில் ஒரு விசேஷம் உண்டு. சாதாரண மோட்டாரில் நடுத்தண்டு சுற்றும், உடம்பு நிற்கும். இதில் நடுத்தண்டும் காயிலும் அசையாமல் நிற்க, வெளி உடம்பு சுற்றுகிறது. ஒயர்கள் அந்தத் தண்டின் உள்ளே இருக்கும் துளை வழியாகத்தான் வருகின்றன. மூடியை அவசரமாக இழுத்தால் ஒயர் அறுந்து, வேலை காயில் கட்டும் கடைக்குப் போய்விடும். மேல் மூடி, கீழ் மூடி இரண்டிலும் உடம்போடு சேருமிடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஸ்குரூக்களைக் கழற்றி, மரச்சுத்தியால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினேன். அசைய பத்து நிமிஷம் ஆனது.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பேரிங். எங்கள் ஃபேனில் மேலே 6202, கீழே 6201. முதலாவதின் உள்துளை 15 மில்லிமீட்டர், அடுத்தது 12. எண் பேரிங்கின் ஓரத்திலேயே பொறித்திருக்கும். சில ஃபேன்களில் இரண்டுமே 6202, அதனால் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். பழைய கிரீஸ் காய்ந்து மெழுகுக்கட்டி மாதிரி இருந்தது. பாலக்கரையில் பேரிங் கடையில் இரு பக்கமும் தகடு மூடியதாகக் கேட்டு வாங்கினேன். அதற்குக் கடையில் இசட் இசட் என்று பெயர்.

போடும்போதுதான் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சுத்தியலை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எழுந்து கொல்லைக்குப் போய், துருப்பிடித்த ஒரு இரும்புக் குழாய்த் துண்டைக் கொண்டுவந்து, பேரிங்கின் உள்வளையத்தின்மேல் சரியாக உட்காருகிறதா என்று வைத்துப் பார்த்தார். "தண்டுல ஏத்தும்போது உள்வளையத்துலதான் அடி விழணும். வெளிவளையத்துல அடிச்சா அந்த அடி குண்டு வழியா போகும். ஓடுபாதையில பள்ளம் விழுந்துடும். புதுசே கரகரங்கும்." குழாயை வைத்து நான்கே அடி. பேரிங் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. காது கேட்காத மனுஷர் அடியின் சத்தம் மாறுவதை எப்படி அறிந்து நிறுத்தச் சொன்னார் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

கண்டன்சரையும் மீட்டரில் பார்த்தேன். மேலே 2.5 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருந்தது, மீட்டர் 1.7 காட்டியது. கண்டன்சர் இளைத்தால் வேகம் குறையும், சில சமயம் உறுமலும் கூடும். அதையும் மாற்றினேன்.

மாட்டிப் போட்டோம். கரகரப்பு சுத்தமாகப் போயிருந்தது. காற்றுகூட முன்னைவிட நன்றாக வந்தது. ஐந்து நிமிஷம் சந்தோஷம். அப்புறம் மறுபடி கட்... கட்...

ரெகுலேட்டரை ஒன்றில் வைத்து, ஒரு இறக்கையில் வெள்ளைத் தாள் ஒட்டி எண்ணினேன். ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு கட். ஒரு சுற்றுக்கு ஒன்று என்றால் இறக்கை சமமில்லை என்று அர்த்தம் இருக்கலாம். கூரையிலிருந்து ஒரு குச்சியை நேராகத் தொங்கவிட்டு ஒவ்வொரு இறக்கை நுனியையும் அதன் பக்கம் கொண்டுவந்து அளந்தேன். இரண்டாம் இறக்கை 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. இறக்கையைத் தாங்கும் இரும்புக் கையை இலேசாக வளைத்துச் சரிசெய்தேன். ஃபேனின் ஆட்டம் குறைந்தது. கட் குறையவில்லை. இறக்கை ஸ்குரூக்கள் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கினேன். கொக்கியை மறைக்கும் மேல் கப், ஃபேன் தொங்கும் தண்டில் உரசுகிறதோ என்று அதைக் கீழே இறக்கிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். அதே கட். எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பழைய ஃபேன்க்கா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பாதிக் கரண்டுக்கும் கம்மியாக ஓடும் ஃபேன்கள் இப்போது வந்துவிட்டன. ஆனாலும் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தூக்கிப்போட எனக்கு மனசில்லை. தூக்கிப்போட்டிருந்தால் புது ஃபேனிலும் அதே கட் வந்திருக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அப்பா மெஷின் இல்லாமல்தான் இருந்தார். முற்றத்தை ஒட்டி, உத்திரத்தைத் தாங்கும் மரத்தூண் ஒன்று இருக்கிறது. எழுந்து போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். மற்றக் கையால் என்னிடம் நிறுத்து, போடு, நிறுத்து என்று காட்டினார். நான்கு தடவை.

"ஃபேன்ல இல்ல" என்றார். "மேல."

எப்படி என்றேன். "ஃபேனுக்கும் கொக்கிக்கும் நடுவுல ஒரு ரப்பர் இருக்கும். கீழ தட்டினா அது முழுங்கிடும். தட்டு இவ்வளவு தெளிவா தூணுக்கு வருதுன்னா அந்த ரப்பர் செத்துப் போச்சு, இல்லன்னா ரப்பருக்கும் மேலதான் ஆட்டம்."

ஏணி போட்டு ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டுமே. தண்டின் மேல் முனையில் லாடம் மாதிரி ஒரு இரும்பும், அதற்குள் போல்ட் நுழையும் ரப்பர் உருளையும் உண்டு. அந்த ரப்பர் கல்லாகி, பிளந்து, போல்ட் நேராக இரும்பில் உட்கார்ந்திருந்தது. போல்ட்டின் நடுவில் கால்வாசி ஆழத்துக்குத் தேய்மானம். அதைவிட என்னைப் பதற வைத்தது போல்ட்டின் முனை. நட்டுக் கழன்று வராமல் தடுக்கும் பிளவு ஆணி அங்கே இல்லவே இல்லை. நட்டு ஏற்கெனவே இரண்டு மரை கழன்றிருந்தது. இறக்கையோடு சேர்த்து ஆறேழு கிலோ எடை, அதற்கு நேர் கீழே அப்பாவின் ஈஸி சேர். ஃபேனை முதல்முறை இறக்கியபோது தண்டின் கீழ் போல்ட்டைத்தான் கழற்றினேன், தண்டு மேலேயே தொங்கியது. அதனால் இதைப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் பத்து வருஷத்துக்கு மேலான ஃபேன் இருந்தால் சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் மேல் கப்பை இறக்கி அந்த ஆணி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அதற்கும் மேலே உத்திரத்தை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் இரும்புப் பட்டை. குறுக்கே இரண்டு போல்ட். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தபால் கார்டு தாராளமாக நுழைந்தது. மரம் வருஷாவருஷம் கோடையில் காய்ந்து சுருங்கும், மழையில் கொஞ்சம் உப்பும். எண்பது கோடை அப்படிப் போனால் இரும்பு அதே அளவில் இருக்கும், மரம் இருக்காது. ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றும்போது கனமான பக்கம் ஒருமுறை இழுக்கிறது. பட்டை ஒருமுறை மரத்தில் தட்டுகிறது. உத்திரம் அதைத் தூணுக்கும் சுவருக்கும் அனுப்புகிறது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து மேலே காதைத் தீட்டிய எனக்கு அது ஃபேனிலிருந்து வருகிற மாதிரியே கேட்டது.

முதலில் உத்திரத்தில் செல் அரித்திருக்கிறதா என்று சுத்தியால் நீளம் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கெட்டியான சத்தம். பட்டையைக் கழற்றி, துருவைத் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டேன். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே லாரி டியூப் ரப்பரை அகலத்துக்கு வெட்டி வைத்து, புது போல்ட், ஸ்பிரிங் வாஷர், நட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு நட்டு என்று போட்டேன். லாடத்துக்குப் புது ரப்பர் உருளை, புது போல்ட், பிளவு ஆணி. ஆணியின் இரண்டு காலையும் எதிரெதிரே விரித்து மடக்கினேன். ஃபேனை உடனே மாட்டாமல் அந்தக் கொக்கியில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு ஒரு ராத்திரி வைத்தேன். யாரையும் அதன் கீழே போகவிடவில்லை. காலையில் பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

மாட்டிப் போட்டபோது அப்பா மறுபடி தூணில் கையை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். அப்புறம் ஈஸி சேருக்குப் போய் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். போனில் ஒலி அளக்கும் ஆப் காட்டும் எண்ணை உண்மையான டெசிபெல் என்று நம்பக்கூடாது. ஒரே இடத்தில் வைத்து முன்பின் ஒப்பிட மட்டும் அது உதவும். ஈஸி சேரின் கைப்பிடியில் வைத்து அளந்தபோது முன்னால் 61, இப்போது 52. அந்த 52 முக்கால்வாசி காற்றின் சத்தம்தான்.

உள் அறை ஃபேனுக்கு இவ்வளவு பாடு இல்லை. முழு வேகத்தில் அமைதி, இரண்டிலும் மூன்றிலும் உர்ர். ஸ்விட்சை அணைத்தால் உடனே நின்றது. முழு வேகத்தில் மட்டும் உறுமல் இல்லையென்றால் குற்றவாளி ரெகுலேட்டர். மின் அலையை வெட்டி வெட்டிக் கொடுத்து வேகத்தைக் குறைக்கும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அது. வெட்டுப்பட்ட அலையில் காயில் உறுமும். உள்ளே கண்டன்சர் வைத்த, படிப்படியாகத் திரும்பும் வகையை வாங்கி மாற்றினேன். இருபது நிமிஷ வேலை. தாத்தா காலத்து இரும்புப் பெட்டி ரெகுலேட்டர் ஒன்று இன்னும் பரணில் கிடக்கிறது. அதில் வெறும் கம்பிச்சுருள்தான், சத்தமே போடாது. ஆனால் மிச்சப்படுத்துகிற கரண்டையெல்லாம் சூடாக்கி அறையிலேயே விட்டுவிடும்.

கொல்லை மோட்டார் அரை குதிரைத்திறன் மோனோபிளாக், மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக இருக்கும் வகை. அது மூன்று விதமாகக் கத்தியது. ஓடும்போது உய்ங் என்று ஒரு கீச்சு. நடுநடுவே தண்ணீருக்குள் கூழாங்கல் உருள்கிற மாதிரி. நிறுத்தியதும் சமையல்கட்டுச் சுவரில் டமால். அந்த டமாலுக்கு அம்மா முப்பது வருஷமாகப் பழகியிருந்தார், மெஷின் மாட்டிய அப்பாவுக்கு முதல்முறை கேட்டபோது கையிலிருந்த காபி சிந்தியது.

கீச்சு பேரிங். இதை நான் செய்யவில்லை. நிமிஷத்துக்கு 2800 சுற்றுக்கு மேல் ஓடுகிற தண்டு, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல், பித்தளைச் சக்கரம் எல்லாவற்றையும், பேரிங்கைப் பிடித்து இழுக்கும் புல்லர் இல்லாமல் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. காயில் கட்டும் கடைப் பாய் அரை நாளில் செய்து கொடுத்தார். சீல் கசிந்து தண்ணீர் பேரிங்கில் இறங்கியிருந்ததைக் காட்டி, "சீலை விட்டுட்டு பேரிங் மட்டும் போட்டா ஆறு மாசத்துல மறுபடி வருவீங்கம்மா" என்றார். இரண்டையும் போட்டார்.

கூழாங்கல் சத்தத்துக்கு மோட்டாருக்குள் காரணம் இல்லை. கிணற்றுக்குள் இருந்தது. உறிஞ்சு குழாயை மேலே இழுத்துப் பார்த்தால் அடிவால்வின் சல்லடையில் வேரும் நத்தை ஓடும் அடைத்திருந்தன. தண்ணீர் வரும் வேகத்தைவிட மோட்டார் இழுக்கும் வேகம் அதிகமானால் குழாய்க்குள் அழுத்தம் விழுந்து தண்ணீரே குமிழியாகிவிடும். அந்தக் குமிழிகள் சக்கரத்துக்கு வந்து நசுங்கி உடைகிற சத்தம்தான் அது. காதுக்குத் தொல்லை என்பதோடு போகாது. பித்தளைச் சக்கரத்தை அம்மைத் தழும்பு போலக் குழி குழியாகத் தின்னும். பாய் கழற்றிக் காட்டிய சக்கரத்தில் அந்தத் தழும்புகளைப் பார்த்தேன். ஒரு சல்லடையைக் கழுவாமல் விட்டதற்கு.

டமால் பற்றி எனக்குப் புத்தகத்தில் நன்றாகத் தெரியும், பாடமே எடுக்கலாம். மோட்டார் நின்றதும் மாடித் தொட்டி வரை ஏறிய தண்ணீர் ஒரு கணம் நின்று கீழே திரும்புகிறது. திரும்பி வேகம் எடுத்த பிறகுதான் அடிவால்வின் தட்டு படாரென்று மூடுகிறது. ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்கும் அடி குழாய் முழுக்கப் போகிறது. தண்ணீர் திரும்புவதற்கு முன்பே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வைத்த வால்வை மோட்டாருக்குப் பக்கத்திலேயே ஏறு குழாயில் போட வேண்டும். பிளம்பர் தம்பி போட்டுக் கொடுத்தான். டமால் ஒரு சின்னத் தட்டாகக் குறைந்தது. மீதியைச் சுவர்தான் பெருக்கிக்கொண்டிருந்தது. இரும்புக் குழாயை இரும்புக் கிளாம்ப் நேராகச் சுவரில் பிடித்திருந்தது. ஒவ்வொரு கிளாம்ப்பையும் தளர்த்தி சைக்கிள் டியூபைச் சுற்றி மறுபடி பிடித்தேன். மோட்டாரின் அடியில் ரப்பர்ப் பலகை. இப்போது மோட்டார் ஓடுகிறதா என்று சமையல்கட்டில் இருந்து தெரிவதில்லை. அதனால் ஒரு நாள் தொட்டி வழிந்து மாடிப்படி நனைந்தது. மோட்டாரோடு சேர்ந்து எரியும் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றை அடுப்பு மேடைக்கு மேலே வைத்தோம்.

ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் நன்றாகவே இருந்தது. சிவப்பு ஆக்சைடுத் தரை ஒரு மூலையில் தாழ்ந்து, ஒரு கால் காற்றில் நின்றது. காலைத் திருகி உயர்த்தி, ஒரு தட்டில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தேன். பின்னால் சொட்டுத் தண்ணீர்த் தட்டு நடுங்கியதற்கு அடியில் ஒரு துண்டு ரப்பர். செப்புக் குழாய் ஒன்று உடம்பில் உரசிக்கொண்டிருந்தது. அதை வளைக்க முயலவில்லை. பழைய செப்பு வளைத்தால் விரிசல் விடும், கேஸ் போய்விடும். டியூபை நீளவாட்டில் பிளந்து அந்தக் குழாய்க்குச் சட்டை போட்டேன். கம்ப்ரஸர் உட்காரும் நான்கு ரப்பர்க் கால்கள் கெட்டித்திருந்தன. அதே அளவு கடையில் கிடைத்தது. குளுகுளுவென்று தண்ணீர் ஓடுகிற மாதிரி வரும் சத்தம் உள்ளே திரவம் ஓடும் சத்தம், அதை அப்படியே விட்டுவிடலாம்.

அப்பாவின் டேபிள் ஃபேன் பற்றி ஒரு விஷயம் மட்டும். அதில் குண்டு பேரிங் இல்லை, தண்டு சுற்றுவதற்கு ஒரு பித்தளைக் குழல், அதாவது புஷ்தான், சுற்றிலும் எண்ணெய் குடித்த கம்பளி வளையம். பல வருஷமாகத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறோம். தேங்காய் எண்ணெய் கொஞ்ச நாள் வழுக்கும், அப்புறம் தூசியோடு சேர்ந்து பிசினாகி இறுகும். பெட்ரோலில் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். அதுவும் இரண்டு மாதம்தான் தாங்கியது. புஷ் ஓவலாகத் தேய்ந்துவிட்டது என்று பாய் காட்டினார், மாற்றிவிட்டோம். கிரைண்டருக்குப் புது பெல்ட். அதன் அடியில் அம்மா மடித்துப் போட்ட கோணிச்சாக்கைவிட நல்ல ரப்பர் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, அதை மாற்றவில்லை.

ஜூன் பிறந்து பள்ளிக்கூடம் திறந்தது. அப்பா காலையில் பேப்பர் வரும்போது மெஷினை மாட்டுகிறார், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கழற்றுகிறார். பேரன் போனில் பேசினால் ஸ்பீக்கர் போடச் சொல்வதில்லை. மாலையில் நான் வந்ததும் தூணில் கைவைத்துவிட்டு ரிப்போர்ட் சொல்வது அவர் வேலையாகிவிட்டது.

ஐப்பசி மழையில் எதுவும் சொல்லவில்லை. பங்குனி வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூணிலிருந்து கையை எடுக்காமலே என்னைக் கூப்பிட்டார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மெயினை இறக்கி ஏணி போட்டேன். பூட்டு நட்டைத் தளர்த்தி, பட்டை போல்ட்டில் ஸ்பேனரை வைத்தால் கால் சுற்று இலேசாக உள்ளே போனது. இன்னொரு கால் சுற்று கொஞ்சம் இறுக்கத்தோடு. மூன்றாவதற்கு நான் இரண்டு கையையும் கொடுத்தபோது கீழே ஏணியைப் பிடித்திருந்த அப்பா அதன் காலைத் தட்டினார்.

"போதும் பாப்பா. கட்டைக்கு வலிக்கும்."

பூட்டு நட்டை இறுக்கிவிட்டு இறங்கினேன். நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்: அரைச் சுற்று, அடுத்து ஆடியில் பார்க்கணும்.